சரக்கை எண்ணும் வானொலி அலைகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

மனிதன் பொருள்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய நாள் முதலாகவே அவற்றை எண்ணிப் பார்க்கும் தேவையும் அவனுக்கு ஏற்பட்டுவிட்டது. களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவதும், பால்காரர் சுவரில் கரிக்கோடு இடுவதும், கிடங்குக் கணக்கர் இருப்புப் பதிவேட்டில் எழுதுவதும் ஒரே நோக்கத்திற்காகத்தான். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

இந்த வேலையை இன்று வானொலி அலைகளைக் கொண்டு செய்கிறார்கள். ஆர்.எப்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறை நமக்குப் புதியதன்று. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட பாஸ்டேக் இம்முறையில்தான் இயங்குகிறது. துணிக்கடைகள், நூலகங்கள், மருந்துக் கிடங்குகள் எனப் பல இடங்களிலும் இது நுழைந்துள்ளது.

ஆனால் ஆர்.எப்.ஐ.டி. என்பது ஒரே கருவியின் பெயர் அன்று. அதில் பல வகைகள் உள்ளன. ஓரிடத்தில் சிறப்பாக வேலை செய்யும் வகை மற்றோரிடத்தில் ஊமையாகிவிடும். எந்த வகை எங்கே பொருந்தும் என்பதை முடிவு செய்வது எண்ணப்படும் பொருளேயாகும். நாம் வகுப்பில் படிக்கும் மின்காந்தவியலும் நிகழ்தகவும் இதைப் புரிந்துகொள்ளப் போதுமானவை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இரண்டாம் உலகப் போரின்போது வானில் வரும் விமானம் நம்முடையதா, பகைவருடையதா என்று அறிய, ரேடார் அலைக்கு விடையளிக்கும் கருவிகளை விமானங்களில் பொருத்தினார்கள். இம்முறையின் முன்னோடி அதுவே எனலாம். 1948-இல் ஹாரி ஸ்டாக்மன் என்பவர், பிரதிபலிக்கும் அலையைக் கொண்டே செய்தி அனுப்ப முடியும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1973-இல் மரியோ கார்டுல்லோ என்பவர், நினைவகம் கொண்ட அடையாளக் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

இதற்கிடையே மலிவான மற்றொரு முறை முந்திக்கொண்டது. அதுதான் பார்கோடு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரில் ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாகப் பார்கோடு கொண்டு விற்கப்பட்டது. பார்கோடுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒளி அதன் மீது நேராக விழவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பொருளை அது படிக்காது. ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டவேண்டும். இந்தக் குறையைப் போக்கும் நோக்குடன் 1999-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆட்டோ-ஐடி மையம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2004-இல் ‘ஜென் 2’ என்னும் பொது விதிமுறை வெளிவந்தது. கடைகளிலும் கிடங்குகளிலும் இன்று பெரிதும் பயன்படுவது இதுவே.

சீட்டு எவ்வாறு பேசுகிறது?

இம்முறையில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, பொருளின் மீது ஒட்டப்படும் ‘டேக்’ என்னும் அடையாளச் சீட்டு. மற்றொன்று, அதனைப் படிக்கும் ‘ரீடர்’. சீட்டினுள் கடுகினும் சிறிய சில்லு ஒன்றும், மெல்லிய உலோகத்தாலான ஆன்டெனாவும் இருக்கும். சில்லில் அப்பொருளுக்கே உரிய எண் பதிந்திருக்கும். பெரும்பாலும் இது 96 பிட் நீளமுடையது. 2-இன் 96-ஆம் படி என்பது ஏறத்தாழ 8-க்குப் பின் 28 பூச்சியங்கள் இட்ட எண். ஆகையால் உலகிலுள்ள ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனி எண் கொடுத்தாலும் எண்கள் தீர்ந்துபோகா.

சீட்டில் மின்கலம் இல்லாவிட்டால் அதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். ரீடர் அனுப்பும் அலையே ஆற்றலையும் தருகிறது. குறைந்த அதிர்வெண்ணில், மின்மாற்றியின் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் போல ரீடரின் சுருளும் சீட்டின் சுருளும் இணைகின்றன. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இங்கு வேலை செய்கிறது. உயர்ந்த அதிர்வெண்ணில், சீட்டின் ஆன்டெனா வந்த அலையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. வெயிலில் நின்று கண்ணாடித் துண்டைத் திருப்பித் திருப்பி எதிர்வீட்டுத் திண்ணையில் ஒளி பாய்ச்சும் சிறுவனிடம் விளக்கு ஏதும் இல்லை; வெளிச்சம் சூரியனுடையது, அதை விட்டுவிட்டுக் காட்டுவது மட்டுமே அவன் வேலை. சீட்டு செய்வதும் அதுவே.

மின்கலம் இல்லாத இவ்வகைச் சீட்டு சில ரூபாய்க்குக் கிடைக்கும். பல ஆண்டுகள் உழைக்கும். மின்கலம் கொண்டு தானே அலையனுப்பும் சீட்டும் உண்டு. அது நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஆனால் அதன் விலை பலமடங்கு. மின்கலம் தீர்ந்தால் அதன் ஆயுளும் முடிந்தது. கப்பல் கொள்கலன், விலையுயர்ந்த மருத்துவக் கருவி போன்றவற்றிற்கே அது ஏற்றது.

அதிர்வெண்ணும் தொலைவும்

மின்கலமற்ற சீட்டுகளை அதிர்வெண்ணைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, 125 முதல் 134 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான தாழ் அதிர்வெண். இது சில அங்குலங்கள் முதல் ஓரிரு அடி தொலைவு வரை படிக்கும். ஒரே சமயத்தில் பல சீட்டுகளைப் படிப்பது இதற்கு அரிது.

இரண்டாவது, 13.56 மெகா ஹெர்ட்ஸ். இதன் அலைநீளம் ஏறத்தாழ 22 மீட்டர். ஆனாலும் படிக்கும் தொலைவு ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். காரணம், சிறிய சுருளின் காந்தப்புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இருமடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மூன்றாவது, 860 முதல் 960 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான மீஉயர் அதிர்வெண். இதில் இந்தியாவில் 865 முதல் 868 வரையிலான பகுதியைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. சீட்டு தானாக அலை எழுப்புவதில்லை. வந்த அலையையே திருப்பி அனுப்புகிறது. ஆகவே இந்த நெடுக்கம் முழுவதற்கும் பொருந்துமாறு ஆன்டெனாவை அமைத்துவிட்டால், ஓர் ஆடையில் இங்கே தைக்கப்பட்ட சீட்டை அமெரிக்கக் கடையிலும் படிக்கலாம். இவ்வகை சில மீட்டர் முதல் சுமார் 10 மீட்டர் வரை எட்டும். சீட்டை அடையும் திறன் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். திரும்பி வரும் அலையும் அவ்வாறே குறைவதால், தொலைவு இருமடங்கானால் ரீடருக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கே.

நெடுந்தொலைவு படிப்பதே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நூலகத்தில் ஒரு மாணவர் புத்தகம் எடுக்கும்போது, பின்னால் நிற்பவர் கையிலுள்ள புத்தகமும் சேர்ந்து பதிவாகிவிட்டால் என்ன ஆகும்? அங்கே குறுகிய தொலைவே வசதி. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 1998-இலேயே புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்.எப்.ஐ.டி.யைப் புகுத்தியது. பிறகு உலகின் பல நூலகங்கள் 13.56 மெகா ஹெர்ட்ஸ் சீட்டுகளையே விரும்பி ஏற்றன.

உலோகமும் நீரும்

வானொலி அலைக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று உலோகம், மற்றொன்று நீர்.

கடத்தியின் பரப்பில் அப்பரப்புக்கு இணையான மின்புலம் சுழியாகும் என்று படித்திருக்கிறோம். ஆகவே மீஉயர் அதிர்வெண் சீட்டு ஒன்றைத் தகர டப்பாவின் மீது தட்டையாக ஒட்டினால் அதற்கு ஆற்றலே கிடைக்காது. அட்டைப்பெட்டியில் 5 மீட்டர் தொலைவில் படிக்கப்பட்ட அதே சீட்டு, தகரத்தில் ஒட்டியவுடன் ஒரு சாண் தொலைவில்கூடப் பேசாமல் போகலாம். இதற்கென நுரை அல்லது பீங்கான் அடுக்கின் மேல் அமைத்த தனிச்சீட்டுகள் உண்டு. அவற்றில் உலோகப் பரப்பும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது. விலையும் தடிமனும் அதிகம். 13.56 மெகா ஹெர்ட்ஸ் சுருளுக்கும் உலோகம் பகையே. லென்ஸ் விதிப்படி உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் வந்த புலத்தை எதிர்க்கின்றன. சீட்டுக்கும் உலோகத்துக்கும் இடையே ஃபெரைட் தகடு வைத்து இதைச் சமாளிக்கிறார்கள்.

நீர் மீஉயர் அதிர்வெண் அலையை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய பெட்டியின் நடுவே உள்ள சீட்டைப் படிப்பது கடினம். தாழ் அதிர்வெண்ணின் காந்தப்புலம் நீரை ஏறக்குறையத் தடையின்றிக் கடக்கும். கால்நடைகளின் உடல் பெரும்பாலும் நீரே. ஆகையால் ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மின்னணுக் காதுவில்லை தாழ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. நம் நாட்டில் மாடுகளின் காதில் காணும் மஞ்சள் வில்லையிலோ 12 இலக்க எண்ணும் பார்கோடும் மட்டுமே உள்ளன. அங்கே ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொண்ட பண்ணை. இங்கே வீட்டுக்கு இரண்டு மாடுகள், அருகில் நின்று தடவிக்கொடுக்கும் உரிமையாளர். பொருள் ஒன்றேயானாலும் சூழ்நிலை மாறினால் தேர்வும் மாறும்.

ஒரே நேரத்தில் பல குரல்கள்

வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டதும் எல்லாரும் ஒரே சமயத்தில் விடை சொன்னால் ஒன்றும் புரியாது. ஒரு பெட்டியில் 50 சீட்டுகள் இருக்கும்போதும் இதே குழப்பம்தான். இதைத் தீர்க்க, 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் செயல்படத் தொடங்கிய ‘அலோகா’ வலையமைப்பின் கருத்து பயன்படுகிறது. ரீடர் முதலில் ‘எட்டு முறை கூப்பிடுவேன்’ என்று அறிவிக்கும். ஒவ்வொரு சீட்டும் எட்டில் ஏதேனும் ஒரு முறையைக் குருட்டாம்போக்கில் தேர்ந்துகொள்ளும். தன் முறை வந்ததும் பேசும். ஒரு முறையில் ஒன்று மட்டும் பேசினால் அது பதிவாகும். பதிவான சீட்டு அதன்பின் அமைதியாகிவிடும். மோதிக்கொண்டவை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும்.

எட்டுச் சீட்டுகளும் எட்டு முறைகளும் இருந்தால், ஒரு முறையில் சரியாக ஒரு சீட்டு மட்டும் பேசும் நிகழ்தகவு எட்டில் ஏழின் ஏழாம் படியாகும். அதாவது ஏறத்தாழ 0.39. ஆக முதல் சுற்றில் சராசரியாக மூன்று சீட்டுகளே பதிவாகும். ஆனால் ஒரு சுற்று நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால், ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் படிக்க முடிகிறது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போதுமா?

தேர்வில் 99 மதிப்பெண் வாங்கினால் பெற்றோர் மகிழ்வார்கள். ரீடர் ஒன்று ஒவ்வொரு சீட்டையும் 99 விழுக்காடு சரியாகப் படிக்கும் என்று கொள்வோம். ஒரு பெட்டியில் 50 ஆடைகள். ஐம்பதும் தவறாமல் படிக்கப்படும் நிகழ்தகவு 0.99-இன் 50-ஆம் படி, அதாவது 0.605. அப்படியானால் நூறு பெட்டிகளில் ஏறத்தாழ நாற்பது பெட்டிகள், முழுமையாக இருந்தும், கணினித்திரையில் குறைவாகத் தோன்றும்!

இந்தக் கணக்கை நான் ஏட்டுக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை. என் தந்தையார் ஒரு கிடங்கில் சுமை இறக்கும் வேலை செய்பவர். பதிவேட்டில் ஒரு பெட்டி குறைந்தால், அன்று இறக்கியவர்களைத்தான் முதலில் நிறுத்திக் கேட்பார்கள். மறுநாள் அப்பெட்டி வேறோர் அடுக்கில் கிடைத்ததுண்டு. ஆனால் முந்தைய நாள் பிடித்த கூலி திரும்பி வந்ததில்லை. கணக்கர் தவறாக எண்ணினார் என்றால் ‘ஐயா, இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள்’ என்றாவது சொல்லலாம். இயந்திரம் சொல்லிவிட்டது என்றால் எழுத்தறியாத ஒரு தொழிலாளி என்ன சொல்ல முடியும்?

ஆகையால் இம்முறையை நிறுவுவோர் ஓர் உண்மையை மறக்கலாகாது. ‘படிக்கப்படவில்லை’ என்பதும் ‘பொருள் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ரீடர் சொல்லக்கூடியது முதலாவதை மட்டுமே. இரண்டாவதை மனிதர் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

பிழையைக் குறைக்க வழியுண்டு. இரு திசைகளில் இரண்டு ஆன்டெனாக்கள் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று சாராமல் படிக்குமானால், ஒரு சீட்டு இரண்டிலும் தவறும் நிகழ்தகவு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். அப்போது ஐம்பதும் படிக்கப்படும் நிகழ்தகவு 0.995. ஆனால் ‘ஒன்றையொன்று சாராமல்’ என்னும் நிபந்தனையைக் கவனிக்கவேண்டும். உலோகக் கொக்கியின் பின்னே மறைந்த சீட்டை இரண்டு ஆன்டெனாக்களுமே தவறவிடும். இதற்கு எதிரான பிழையும் உண்டு. பக்கத்து அடுக்கிலுள்ள பெட்டியின் சீட்டும் காதில் விழுந்து, வராத சரக்கு வந்ததாகப் பதிவாகலாம். எனவே சீட்டின் மேற்பரப்பில் எண்ணையும் பார்கோடையும் அச்சிட்டு வைப்பது நல்ல வழக்கம். ஐயம் எழுந்தால் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க அது உதவும்.

எதற்கு எது?

அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 2003-இல் தன் முதல் நூறு சரக்கு வழங்குவோரை அழைத்து, 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் சரக்குப் பலகைகளிலும் மீஉயர் அதிர்வெண் சீட்டு ஒட்டவேண்டும் என்றது. பயன் இருந்தது. ஆர்க்கன்சாஸ் பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டு பயன்படுத்திய கடைகளில் ‘சரக்கு இல்லை’ என்னும் நிலை 16 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் சீட்டின் செலவு வழங்குவோர் தலையில் விழுந்தது. நீர்மப் பொருள்களும் உலோக டப்பாக்களும் தொல்லை கொடுத்தன. எல்லாச் சரக்குக்கும் ஒரே விதி என்னும் அத்திட்டம் எதிர்பார்த்தபடி பரவவில்லை. 2010-இல் அதே நிறுவனம் ஜீன்ஸ், உள்ளாடை போன்ற துணிகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு இடத் தொடங்கியது. இன்று இம்முறை மிகச் சிறப்பாக வேரூன்றியிருப்பது ஆடைத் தொழிலில்தான். துணி வானொலி அலையைத் தடுப்பதில்லை. ஒரே சட்டையில் பல அளவு, பல நிறம் இருப்பதால் எண்ணும் வேலை கடினம். சட்டையின் விலைக்கு முன் சீட்டின் விலை சிறிது. பொருளும் முறையும் பொருந்திவிட்டன.

எண்ணும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு துணிக்கடையில் 20,000 ஆடைகள் உள்ளன. பார்கோடு கொண்டு ஒன்றுக்கு 10 வினாடி வீதம் எண்ணுகிறோம் என்று கொள்வோம். 2,00,000 வினாடிகள் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் ஒருவருக்கு ஏழு நாள் வேலை. மாதந்தோறும் எண்ணவேண்டுமானால் அங்கே ஆர்.எப்.ஐ.டி. தன் செலவை மீட்டுக்கொடுக்கும். ஒரு கல்லூரி வேதியியல் துறையின் கிடங்கில் 200 புட்டிகள் உள்ளன என்போம். அதே வேகத்தில் 34 நிமிடத்திற்குள் முடிந்துவிடும். அதுவும் ஆண்டுக்கு ஓரிரு முறையே. உள்ளே நீர்மம், வெளியே இரும்பு அலமாரி. அங்கே பார்கோடு போதும். ஒழுங்காக எழுதிய பதிவேடும் போதும்.

எனவே வாங்கும் முன் கேட்கவேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தலாம். பொருள் எதனால் ஆனது? உலோகமா, நீர்மமா, துணியா, தாளா? எவ்வளவு தொலைவில் படிக்கவேண்டும். எதைப் படிக்கக் கூடாது? ஒரு சமயத்தில் எத்தனை? எத்தனை நாளைக்கு ஒரு முறை? சீட்டின் விலை பொருளின் விலையில் எத்தனை பங்கு? சீட்டு திரும்பி வருமா, பொருளோடு போய்விடுமா? வெயில், மழை, எண்ணெய், சலவை ஆகியவற்றைத் தாங்குமா? இறுதியாக, ஒரு சீட்டு படிக்கப்படாவிட்டால் யார் சென்று பார்ப்பார்கள். அதுவரை அந்தப் பழி யார் மீது நிற்கும்?

விடைகளை எழுதிய பிறகும் உடனே மொத்தமாக வாங்கிவிடக் கூடாது. நூறு சீட்டுகள் வாங்கி, அதே கிடங்கில், அதே பொருள்கள் மீது ஒட்டி, கையால் எண்ணியதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். விற்பவர் காட்டும் காலி அறையில் எல்லாச் சீட்டும் நன்றாகவே படிக்கும்.

வாங்குவோர் உரிமை

பொருளை விலைக்கு வாங்கியவர் வீடு சென்ற பிறகும் சீட்டு பேசிக்கொண்டிருக்கலாம். அவர் அறியாமலே அவர் அணிந்திருப்பது என்ன என்று பிறர் தெரிந்துகொள்ள இடமுண்டு. இதனால்தான் ஜென் 2 விதிமுறையில் சீட்டை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்துவதும், சீட்டு இருப்பதை வாங்குவோருக்குச் சொல்வதும், எளிதில் வெட்டி எறியும் அட்டையில் அதனை வைப்பதும் வணிகரின் கடமையாகும்.

முடிவுரை

அறிவியல் மாணவர்களாகிய நம்மில் பலர் நாளை ஆலைகளிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்கப் போகிறோம். ‘எந்தக் கருவி வாங்கலாம்?’ என்று நம்மிடம் கேட்பார்கள். விலைப்பட்டியலை விரிக்கும் முன், கிடங்கிற்குள் சென்று அங்குள்ள பொருளைத் தொட்டுப் பார்ப்போம். அதைத் தூக்குபவரிடமும் ஒரு சொல் கேட்போம். எந்தப் பெட்டி எந்த இடுக்கில் மறையும் என்பது அவருக்குத்தான் தெரியும். அதன்பின் கணக்குப் போடுவோம். அவ்வாறு தேர்ந்த முறை சரக்கைச் சரியாக எண்ணும். உழைப்பவர் மீது வீண்பழி வராமலும் காக்கும்.